வண்டியிலேயே காற்று: பிக்கப், லாரிக்கு ஆன்போர்டு கம்ப்ரசர் கட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்டுப்பாளையத்தில் இருந்துகொண்டு, பொலேரோ பிக்கப்பில் கம்ப்ரசர் வைத்து, வண்டி நின்ற இடத்துக்கே போய் பஞ்சர் ஒட்டித் தருகிறோம். கீழே உருளைக்கிழங்கு மண்டி லாரிகள், மேலே குன்னூர், கோத்தகிரி எஸ்டேட் பிக்கப்புகள். எங்கள் வண்டியின் ஏர் செட்டை இதுவரை மூன்று தடவை பிரித்துக் கட்டியிருக்கிறோம். மூன்று தடவையும் பழுதின் மூலம் கம்ப்ரசரில் இல்லை. அதற்குப் போன வயர், அதன் தலையில் ஏறிய சூடு, டேங்க்கில் தேங்கிய தண்ணீர் இவைதான் காரணம். புதிதாகக் கட்ட வருகிறவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். பவுண்டு என்று சொல்லும் இடமெல்லாம் பிஎஸ்ஐ என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முழு செட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

காற்று போகும் வழியிலேயே சொல்கிறேன். முதலில் ஏர் ஃபில்டர், அடுத்து கம்ப்ரசர். கம்ப்ரசர் தலையிலிருந்து வெளியே வரும் காற்று கொதிக்கும் சூட்டில் இருக்கும். அதனால் முதல் இரண்டு, மூன்று அடிக்கு ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் வேண்டும். அதன் பிறகு என்ஆர்வி, அதாவது காற்றை ஒரே பக்கம் மட்டும் விடும் வால்வு. பிறகு டேங்க். டேங்க்கில் பிரஷர் சுவிட்ச், சேஃப்டி வால்வு, பிரஷர் காட்டும் கேஜ் மூன்றும் இருக்க வேண்டும். அடியில் தண்ணீர் திறந்துவிட டிரெயின் காக். டேங்க்கிலிருந்து வெளியே போகும் லைனில் ஈரம் பிரிக்கும் ஃபில்டர், கடைசியில் ஹோஸ் மாட்டும் கப்ளர். கரன்ட் பக்கம் பேட்டரி, ஃபியூஸ், கேபினில் ஒரு சின்ன சுவிட்ச், அதன் சொல்படி பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் ரிலே.

பிரஷர் சுவிட்ச் 110 பவுண்டில் ஆன் ஆகி 145-ல் ஆஃப் ஆகிறது என்றால், சேஃப்டி வால்வு 175 பவுண்டில் திறக்கட்டும். டேங்க்கின் தட்டில் பொறித்திருக்கும் பிரஷர் அதைவிட அதிகமாக இருக்க வேண்டும். பிரஷர் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு ஆஃப் ஆகாமல் போகும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு உங்களுக்கும் டேங்க்குக்கும் நடுவில் இருப்பது அந்தச் சின்னப் பித்தளை வால்வு மட்டும்தான். மாதம் ஒரு தடவை அதன் வளையத்தை இழுத்து, காற்று சீறுகிறதா என்று பாருங்கள்.

கம்ப்ரசர் அட்டைப் பெட்டியில் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருக்கிறதே, அதை வைத்து வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அது எந்தப் பிரஷரில் அளந்தது என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் எதிர் அழுத்தமே இல்லாமல், வாயைத் திறந்துவைத்து அளந்த கணக்கைத்தான் பெட்டியில் போடுவார்கள். ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனம் இரண்டு கணக்கையும் கொடுக்கிறது. அவர்களுடைய 12 வோல்ட் இரட்டைக் கம்ப்ரசர் எதிர் அழுத்தம் இல்லாதபோது நிமிடத்துக்குச் சுமார் 174 லிட்டர் தருகிறது. 29 பவுண்டு எதிர்த்து நிற்கும்போது சுமார் 131 லிட்டர்தான். நல்ல கம்ப்ரசரிலேயே 29 பவுண்டுக்குள் கால் பங்கு போய்விடுகிறது. உங்கள் டயர் 50 பவுண்டு கேட்கிறது என்றால் இன்னும் குறையும்.

இன்னொன்று டியூட்டி சைக்கிள். 33 சதவீதம் என்று போட்டிருந்தால் பத்து நிமிடம் ஓடினால் இருபது நிமிடம் ஆறவிட வேண்டும். நாலு டயரையும் சேர்த்து அடிக்கிற வேலைக்கு இது பற்றாது. ஒரு டயருக்கு எத்தனை நிமிடம் என்பதைவிட, நாலாவது டயரிலும் நிற்காமல் ஓடுமா என்று பார்த்து வாங்குங்கள்.

டேங்க் வைத்தால் சீக்கிரம் காற்று அடிக்குமா?

முதல் டயருக்கு அடிக்கும். டேங்க் காற்றைச் சேமித்து வைக்கும், அவ்வளவுதான். காற்றை உண்டாக்குவது கம்ப்ரசர். கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம்.

பிக்கப்பின் 215/75 ஆர் 15 டயருக்குள் சுமார் 45 லிட்டர் இடம் இருக்கிறது என்று வையுங்கள். 20 பவுண்டில் இருப்பதை 50 பவுண்டுக்குக் கொண்டுவர, வெளிக்காற்றில் சுமார் 92 லிட்டர் தேவை. 20 லிட்டர் டேங்க்கில் 150 பவுண்டு நிற்கிறது. முதல் டயரை அது ஒரே மூச்சில் 50-க்கு ஏற்றிவிடும்; டேங்க் 82 பவுண்டுக்கு இறங்கும். இரண்டாவது டயரில் மாட்டினால் டேங்க்கும் டயரும் 39 பவுண்டில் சமமாகி நின்றுவிடும். மீதி 11 பவுண்டையும் அதற்குப் பிறகு வரும் டயர்களையும் கம்ப்ரசர்தான் அடித்தாக வேண்டும்.

அதனால் வெறும் காற்று அடிக்கத்தான் என்றால், டேங்க்குக்குச் செலவு செய்கிற பணத்தைப் பெரிய கம்ப்ரசரில் போடுங்கள். டியூப்லெஸ் டயரை ரிம்மில் உட்கார வைப்பது, ஏர் கன் வைத்து ரேடியேட்டர் தூசியை ஊதுவது போல ஒரே வீச்சில் நிறையக் காற்று கேட்கும் வேலைக்குத்தான் டேங்க் வேண்டும். எங்களுக்கு ரிம்மில் உட்கார வைக்கும் வேலை தினமும் இருப்பதால் 20 லிட்டர் வைத்திருக்கிறோம்.

பழைய கேஸ் சிலிண்டரை டேங்க்காக மாற்றலாமா? பிவிசி பைப்பில் செய்தால் விலை குறையுமே?

இரண்டும் வேண்டாம். சமையல் கேஸ் சிலிண்டர் கேஸ் கம்பெனியின் சொத்து. அதில் துளை போட்டு வெல்டிங் வைத்தவுடன், அதற்குக் கொடுத்த சோதனைச் சான்று எதற்கும் உதவாது. உள்ளே மிச்சமிருக்கும் வாயுவில் வெல்டிங் பொறி பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிவிசி பற்றி இன்னும் அழுத்திச் சொல்கிறேன். அந்தப் பைப்பில் எழுதியிருக்கும் பிரஷர் தண்ணீருக்கானது. தண்ணீர் பைப் வெடித்தால் தண்ணீர் கொட்டும், அதோடு சரி. அமுக்கிய காற்று வெடித்தால் பிளாஸ்டிக் சில்லு சில்லாகச் சிதறி உடம்பில் தைக்கும்.

லாரி உடைக்கும் இடத்தில் கிடைக்கும் பழைய பிரேக் டேங்க் நல்ல வழி. உள்ளே டார்ச் அடித்துத் துரு பாருங்கள், அடிப்பக்கத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சத்தம் கேளுங்கள். தண்ணீர் நிரப்பிப் பிரஷர் சோதனை செய்து தரும் பட்டறையில் ஒரு தடவை காட்டிவிடுங்கள். தட்டில் 10 பார் என்றிருந்தால் அது 145 பவுண்டு. அப்படியானால் சேஃப்டி வால்வு அதைத் தாண்டக் கூடாது, பிரஷர் சுவிட்ச்சை 120-க்கு இறக்குங்கள்.

என்ன வயர் போட வேண்டும்?

எங்கள் முதல் செட் இதில்தான் போனது. கம்ப்ரசர் 30 ஆம்பியர் இழுக்கிறது. அதற்கு 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் போதும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னதை நாங்களும் நம்பினோம். வீட்டு வயரிங்கில் 4 ஸ்கொயர் 30 ஆம்பியரைத் தாங்கும் என்பது அவர் கணக்கு. வீட்டில் 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் தெரியாது. 12 வோல்ட்டில் அது தெரியும்.

பேட்டரியிலிருந்து பாடிக்கு அடியில் கம்ப்ரசர் வரை 5 மீட்டர். போகவும் வரவும் 10 மீட்டர் செம்பு. 4 ஸ்கொயர் வயரில் 30 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.3 வோல்ட் தொலைகிறது. மோட்டார் மெதுவாகச் சுற்றும், அதிக நேரம் ஓடும், சூடேறும். எங்கள் ஃபியூஸ் ஹோல்டரின் பிளாஸ்டிக் உருகி வயரோடு ஒட்டிக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் மீட்டர் வைத்து அளந்தோம். பேட்டரியில் 13.6, கம்ப்ரசர் முனையில் 12.1. அதே தூரத்துக்கு 10 ஸ்கொயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுதான். அன்றிலிருந்து எங்கள் வண்டியில் 10 ஸ்கொயர்.

ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். 30 ஆம்பியர் கம்ப்ரசருக்கு 40 ஆம்பியர் ஃபியூஸ். வயர் எங்காவது சேஸிஸில் உரசித் தோல் போனால் முதலில் எரிய வேண்டியது அந்த ஃபியூஸ். அது கம்ப்ரசர் பக்கத்தில் இருந்தால் நடுவில் உள்ள 5 மீட்டருக்கு எந்தக் காவலும் இல்லை. வயர் முனையில் மாட்டும் லக்கை பிளையரால் நசுக்காமல் கிரிம்பிங் டூலில் அடியுங்கள். எர்த்தையும் பெயின்ட் மேல் முறுக்காமல், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முறுக்குங்கள்.

இன்ஜின் ஓடவேண்டுமா?

ஓடட்டும். ஐடிலுக்குக் கொஞ்சம் மேலே, 1,000 அல்லது 1,200 ஆர்பிஎம் இருந்தால் இன்ஜின் சுற்றிக் கரன்ட் தரும் ஆல்டர்னேட்டரே கம்ப்ரசரைத் தாங்கும்.

என் வண்டி 24 வோல்ட். 12 வோல்ட் கம்ப்ரசரை ஒரு பேட்டரியில் மட்டும் கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. பெரிய லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக நிற்கின்றன. ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தால் அது இறங்கிக்கொண்டே போகும். ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கும், எனவே இறங்கிய பேட்டரி முழுதாக ஏறாது, நல்ல பேட்டரி அளவுக்கு மீறி ஏறிக் கொதிக்கும். சில மாதங்களில் இரண்டுமே போய்விடும். 24 வோல்ட் மாடல் கம்ப்ரசர் வாங்குங்கள். அதே வேலைக்கு ஆம்பியர் பாதிதான் வரும், வயரிலும் இழப்பு குறையும். டாடா ஏஸ், தோஸ்த், பொலேரோ பிக்கப் இவையெல்லாம் 12 வோல்ட் வண்டிகள்.

லாரியில்தான் ஏற்கெனவே ஏர் பிரேக் இருக்கிறதே, அந்த டேங்க்கிலேயே ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு எடுத்துக்கொள்ளலாமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது பிரேக்.

இன்ஜின் சுற்றும் கம்ப்ரசரிலிருந்து காற்று முதலில் ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையருக்கு வருகிறது. அங்கிருந்து பாதுகாப்பு வால்வு அதைத் தனித்தனி வழிகளாகப் பிரிக்கிறது: முன் பிரேக், பின் பிரேக், ஹேண்ட் பிரேக், பிறகு மற்ற வேலைகளுக்கான உபரி வழி. ஒரு வழி உடைந்து காற்று முழுக்கப் போனாலும் மற்ற வழிகள் காலியாகக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வால்வு. நீங்கள் முன் பிரேக் டேங்க்கில் டீ போட்டு ஹோஸ் மாட்டினால், அந்த ஹோஸில் விழும் ஒரு பிளவு முன் பிரேக்கையே காலி செய்யும். எடுப்பதானால் உபரி வழியில் மட்டும் எடுங்கள். பல லாரிகளில் டயருக்குக் காற்று எடுக்கவென்றே ஏர் டிரையரில் அல்லது அன்லோடர் வால்வில் (பிரஷர் நிறைந்ததும் மிஞ்சும் காற்றை வெளியே விடும் வால்வு) மூடி போட்ட ஒரு வாய் இருக்கிறது. டிரைவர் காலங்காலமாக ஹோஸ் மாட்டும் இடம் அதுதான். அது இருந்தால் வேறு எங்கும் கை வைக்க வேண்டாம்.

அதிலும் ஒரு எல்லை உண்டு. பல லாரிகளில் பிரேக் சிஸ்டம் 8 பார் பக்கம், அதாவது 116 பவுண்டில் காற்று ஏற்றுவதை நிறுத்திவிடும். உங்கள் டயர் 120 கேட்டால் அது எட்டாது. 110 கேட்டாலும் கடைசிப் பத்து பவுண்டு ஊர்ந்துதான் ஏறும்.

வண்டியில் எந்த இடத்தில் பொருத்துவது?

இன்ஜின் பேயில் இடம் இருந்தாலும் வேண்டாம். உள்ளே இழுக்கும் காற்றே சூடாக இருந்தால் வெளியே வருவது இன்னும் சூடாக இருக்கும். எங்களுடையது கேபினுக்குப் பின்னால், பாடியின் முன் பலகையை ஒட்டி, ரப்பர் புஷ் மேல் நிற்கிறது. சக்கரம் அடிக்கும் சேறு படாத இடம். ஃபில்டரை மட்டும் ஒரு குழாய் வைத்து உயரத்துக்கு ஏற்றியிருக்கிறோம், தூசியும் தண்ணீரும் கம்ப்ரசருக்குள் போகாது.

டேங்க்கிலிருந்து தண்ணீர் வருகிறதே, எங்கிருந்து?

காற்றிலிருந்துதான். 30 டிகிரி வெயிலில், 80 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. 8 பாருக்கு அமுக்கி மறுபடி 30 டிகிரிக்கு ஆறவிட்டால், அதில் 20 கிராமுக்கு மேல் தண்ணீராகப் பிரிந்து விழுந்துவிடும். நாலு டயரை 20-லிருந்து 50 பவுண்டுக்கு ஏற்றினால் ஒரு தேக்கரண்டிக்கு மேல் தண்ணீர். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி, மழைக்காலத்தில் எவ்வளவு என்று பெருக்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் இரண்டாவது செட்டில் டிரெயின் காக் டேங்க்கின் அடியில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தது. திறந்தால் காற்றுதான் வரும், தண்ணீர் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். டேங்க்கைக் கழற்றிச் சாய்த்தபோது காபித்தூள் கரைத்த மாதிரி துருத் தண்ணீர் அரை லிட்டருக்கு மேல் ஊற்றியது. அந்தத் துருத் தூள்தான் அதற்கு முன் இரண்டு தடவை என்ஆர்வியை மூடவிடாமல் கெடுத்திருந்தது.

இப்போது டிரெயின் காக் மிகத் தாழ்ந்த முனையில். தினமும் சாயங்காலம், டேங்க்கில் கொஞ்சம் காற்று இருக்கும்போதே திறந்துவிடுகிறோம். கம்ப்ரசருக்கும் டேங்க்குக்கும் நடுவில் நாலு மீட்டர் செம்புக் குழாயைச் சுருட்டிப் போட்டதுதான் நாங்கள் செய்ததில் மிக மலிவான, மிகப் பலன் தந்த மாற்றம். காற்று அதிலேயே ஆறி, டேங்க் வருவதற்குள் தண்ணீர் பிரிந்துவிடுகிறது. ஈர ஃபில்டரைச் சூடான காற்றில் வைத்துப் பயனில்லை. ஆறிய காற்றில் பிரிந்த துளியைத்தான் அது பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது.

ஆஃப் ஆன கம்ப்ரசர் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் உறுமிவிட்டு ஃபியூஸ் போகிறது. ஏன்?

பிஸ்டன் மேல் பழைய பிரஷர் நிற்கிறது. மோட்டாருக்கு முதல் சுற்றிலேயே அதை எதிர்த்து உதைக்க வலு இல்லை. என்ஆர்வி லீக் ஆனால் டேங்க்கின் காற்று தலைக்குத் திரும்பி வந்து இப்படித்தான் நிற்கும். வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அது நன்றாக இருந்தும் பிரச்சினை தொடர்ந்தால், கம்ப்ரசருக்கும் என்ஆர்விக்கும் நடுவில் ஒரு அன்லோடர் வால்வு சேருங்கள். மோட்டார் நின்றதும் அந்தச் சின்ன நீளத்தில் உள்ள காற்றை அது புஸ்ஸென்று விட்டுவிடும். பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், அடுத்து எரிவது மோட்டார் காயில்.

எவ்வளவு டேப் சுற்றினாலும் ஃபிட்டிங் லீக் ஆகிறது.

நூல், அதாவது மரை, மாறியிருக்கும். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பிஎஸ்பி நூல். அமெரிக்க மாடல் கம்ப்ரசர்களில் வருவது என்பிடி நூல். கால் இன்ச் பிஎஸ்பியில் ஒரு இன்ச்சுக்கு 19 மரை, கால் இன்ச் என்பிடியில் 18. மரையின் கோணமும் வேறு: ஒன்று 55 டிகிரி, மற்றது 60. கையால் முறுக்கினால் இரண்டு சுற்று சுகமாக ஏறும், பிறகு இறுகும். முறுக்குகிறவர் ஃபிட்டிங் டைட் ஆகிவிட்டது என்று நினைப்பார். எந்த டேப்பும் அதை அடைக்காது. ஒரு பக்கம் பிஎஸ்பி, மறுபக்கம் என்பிடி உள்ள அடாப்டர் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

லீக் பார்க்க சோப்புத் தண்ணீர் போதும். ராத்திரி விட்டுக் காலையில் கேஜ் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சாயங்காலம் 35 டிகிரியில் 150 காட்டிய டேங்க், காலையில் 25 டிகிரியில் லீக்கே இல்லாமல் 145 பக்கம் காட்டும். அந்த 5 பவுண்டைத் தேடி ஃபிட்டிங்கை உடைத்துவிடாதீர்கள்.

பழைய கார் ஏசி கம்ப்ரசரை பெல்ட்டில் மாட்டினால் நிறையக் காற்று வருமாமே?

வரும், சின்ன மோட்டார் கம்ப்ரசரைவிட நிறையவே வரும். ஆனால் இன்று கழித்து விற்கும் ஏசி கம்ப்ரசர்களில் ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது, தனி ஆயில் தொட்டி கிடையாது. வெறும் காற்றை இழுத்தால் ஆயில் வெளியே போய் உள்ளே உராய்ந்துவிடும். முன்வாயில் ஆயில் சொட்ட வைத்தால், பின்வாயில் அதைப் பிரித்தெடுக்கவும் வேண்டும், இல்லையென்றால் டயர் ரப்பருக்குள் ஆயில் போகும். தினமும் கவனிக்க ஆள் இருந்தால் செய்யலாம். எங்களுக்கு அது ஒத்துவராது.

இதில் காற்றில் ஓடும் இம்பாக்ட் கன்னால் வீல் நட் கழற்றலாமா?

கார் நட், டேங்க் நிறைந்திருந்தால் சிலவற்றைக் கழற்றும். லாரி நட்டுக்கு முடியாது. அந்த கன் கேட்கும் காற்றை 12 வோல்ட் மோட்டார் தராது. பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச் வாங்கிவிடுங்கள்.

மலையில் காற்று ஏற நேரம் ஆகிறது. கம்ப்ரசர் தேய்ந்துவிட்டதா?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நாலில் மூன்று பங்குதான். பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் உள்ளே இழுப்பது அந்த அளவு காற்றைத்தான், எனவே கீழே மூன்று நிமிடம் என்றால் மேலே நாலு நிமிடம். கம்ப்ரசரில் குறை இல்லை.

இன்னொன்றையும் கேட்பார்கள்: கீழே அடித்த 50 பவுண்டு மேலே போனால் கூடிவிடாதா? உயரத்தால் கேஜில் 3 பவுண்டு ஏறும், குளிரால் 4 இறங்கும். வெயிலில் 35 டிகிரியில் அடித்தது, மேலே 15 டிகிரியில் 49 பக்கம் நிற்கும். கவலைப்பட வேண்டாம்.

இதே காற்றில் ஹாரனும் வைக்கலாமா? ஆர்டிஓ பிரச்சினை வருமா?

பல சுரத்தில் அலறும் ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதி 119 தடை செய்கிறது, அதை வைக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு வண்டியின் அடிப்படை விவரங்களை மாற்றக் கூடாது என்கிறது. அதனால் சேஸிஸில் துளை போட்டு வெல்டிங் வைக்காமல், போல்ட்டில் கழற்றி மாட்டுகிற பிராக்கெட்டாகச் செய்யுங்கள். சேஸிஸில் வெல்டிங் வைப்பது சட்டத்துக்காக மட்டுமல்ல, அதன் பலத்துக்கும் கெடுதி.

லாக் ரிங் வீலுக்கு ரோட்டோரத்தில் காற்று அடிக்கலாமா?

10.00-20 டியூப் டயர் ஓடும் லாரிகளில் டயரை ரிம்மில் பிடித்திருப்பது ஒரு இரும்பு வளையம். அது சரியாக உட்காராமல் 100 பவுண்டு ஏறினால் ஆளை அடித்துக் கொன்றுவிடும். கழற்றி மாட்டிய வீலை இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் நாங்கள் அடிக்கிறோம், கூண்டு இல்லாத இடத்தில் அடிப்பதில்லை. லாரிக்காரர் கோபித்துக்கொண்டு போன நாட்களும் உண்டு. காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓடிவிட்ட ரேடியல் டயரிலும் இதே எச்சரிக்கை வேண்டும்: பக்கச் சுவரின் உள்ளே ஸ்டீல் கம்பிகள் ஒடிந்திருந்தால், காற்று ஏறும்போது ஜிப் கழன்ற மாதிரி ஒரே வரிசையில் கிழியும்.

வண்டியில் இருக்கும்போதே காற்று கூட்டுவதானாலும் வால்வில் கடித்து நிற்கும் கிளிப் முனையும், குறைந்தது 3 மீட்டர் ஹோஸும், உங்கள் கைப்பக்கம் கேஜும் வால்வும் இருக்கட்டும். வீலுக்கு நேர் எதிரே நிற்காமல், டயரின் ஓடுபரப்புப் பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். பையன்களை வேலைக்கு வைத்தால் முதல் நாள் சொல்லிக்கொடுக்க வேண்டியது எங்கே நிற்பது என்பதைத்தான்.

டேங்க் கேஜ் ஒன்று காட்டுகிறது, டயர் கேஜ் வேறு காட்டுகிறது. எதை நம்புவது?

காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டையும் நம்ப வேண்டாம். ஹோஸ் வழியே காற்று பாயும்போது கேஜ் டயரின் பிரஷரைவிடக் கூடவே காட்டும். நிறுத்திவிட்டு, மூன்று எண்ணிப் பிறகு படியுங்கள். நாங்கள் ஒரு நல்ல கேஜை வேலைக்கு எடுக்காமல் உறையிலேயே வைத்திருக்கிறோம். ஹோஸில் உள்ள கேஜை மாதம் ஒரு தடவை அதே டயரில் வைத்து இதோடு ஒப்பிடுவோம். வித்தியாசத்தை ஒரு டேப்பில் எழுதிக் கேஜ் முதுகில் ஒட்டியிருக்கிறோம். இந்த மாதம் அது 2 பவுண்டு கூடக் காட்டுகிறது.